எரியாத கோமேதகம்

லைலா மூச்சு வாங்கியபடி மாடியேறி வந்தபோது மோகனா மட்டும்தான் சோதனைக்கூடத்தில் இருந்தாள். பினாங்கு ஸ்ட்ரீட்டில் நகைக்கடைகளுக்கு மேலே, செங்குத்தான மரப்படிகளின் உச்சியில் இருந்த சிறிய அறை அது. கல் உண்மையா போலியா என்று சந்தேகம் வந்தால் கீழே இருக்கும் கடைக்காரர்கள் மேலே அனுப்பிவிடுவார்கள். ஒன்பது வருடமாக அங்கே கல் பார்ப்பது மோகனாவின் வேலை.

லைலாவுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். தலையில் பூப்போட்ட தூடோங் முக்காடு அணிந்திருந்தாள். நாற்காலியில் உட்கார்ந்து கைப்பையிலிருந்து நான்காக மடித்த ஒரு காகிதத்தை எடுத்து மேசையில் வைத்தாள்.

"பட்டர்வொர்த்லேர்ந்து ஃபெரியில வந்தேன் தங்கச்சி. இது என்னா கல்லுன்னு பாத்துச் சொல்லணும். விக்கறதுக்கு இல்ல. ஒருத்தருக்குத் திருப்பிக் குடுக்கணும். குடுக்கறதுக்கு முன்னால என்னான்னு தெரிஞ்சுக்கலாம்னுதான்."

காகிதத்தைப் பிரித்தாள் மோகனா. உள்ளே மொச்சைக்கொட்டை அளவில் ஒரு கல். காய்ச்சிய தேனின் நிறம்.

"என் மகளைக் கட்டிக்கப்போற பையன் ஹஸ்ருல், கார்னெட்டா இருக்கும்னு சொன்னான். கார்னெட்டுன்னா சிவப்பாத்தானே இருக்கும்?"

மோகனா சிரித்தாள். வருகிறவர்களில் பாதிப்பேர் கேட்கும் கேள்வி இது. மேசை இழுப்பறையிலிருந்து மாதிரிக் கற்கள் இருந்த தட்டை எடுத்து வைத்தாள்.

"கார்னெட் ஒரே கல்லு இல்லக்கா, ஒரு குடும்பம் மாதிரி. உள்ளுக்கு என்ன சேந்திருக்கோ அதுக்குத் தக்க நிறம் மாறும். இரும்பு சேந்தா இந்தக் கருஞ்சிவப்பு, அல்மண்டைன். மக்னீசியம்னா மாதுளை முத்து மாதிரி இது, பைரோப். மாங்கனீஸ்னா ஆரஞ்சு. இந்தப் பச்சைகூட கார்னெட்தான். மரகதம்னு சொன்னா நம்பிடுவீங்க."

"அல்லா! இதுவுமா?"

"ஆமா. அதே வகையில தேன் நிறமா வந்தா அதுக்கு ஹெசொனைட்னு பேரு. நம்ம ஆளுங்க கோமேதகம்னு மோதிரம் போடறது அதைத்தான். உங்களோடது அதான்னு நினைக்கிறேன். பாத்துடலாம்."

கல்லைத் துடைத்து முதலில் இரண்டு கறுப்புத் தகடுகளுக்கு இடையே வைத்துச் சுழற்றினாள். புஷ்பராகமாக இருந்தால் சுழற்றும்போது ஒளிர்ந்து ஒளிர்ந்து மறையும். இந்தக் கல் இருட்டாகவே இருந்தது. கண்ணாடியும் அப்படித்தான் இருக்கும் என்பதால் அதோடு விடாமல் ஒளிவிலகல் மானியில் வைத்தாள். ஒன்று புள்ளி ஏழு நான்கில் ஒரே ஒரு கோடு. சாதாரணக் கண்ணாடி அவ்வளவு உயரம் போகாது. பிறகு ஒரு கிண்ணத்து நீரில் சிறிய நுரைத்துண்டை மிதக்கவிட்டு, கல்லை அதன்மேல் வைத்து, வலுவான காந்தம் ஒன்றைப் பக்கத்தில் கொண்டுபோனாள். நுரைத்துண்டு தயங்கித் தயங்கிக் காந்தத்தை நோக்கி நகர்ந்தது.

"பாத்தீங்களா? கொஞ்சூண்டு இரும்பு இருக்கு. கார்னெட்தான்."

லைலா குழந்தைபோல எட்டிப் பார்த்தாள். "பதிமூணு வருஷமா அலமாரில கிடந்துச்சு. இது இப்படியெல்லாம் செய்யும்னு தெரியாதுலா."

கடைசியாக நுண்ணோக்கி. மோகனா கல்லை இடுக்கியில் பிடித்து விளக்கைச் சரிசெய்து குனிந்தாள். எதிர்பார்த்தது தெரிந்தது. சர்க்கரைப் பாகில் தண்ணீர் ஊற்றியதும் ஓடும் நெளிவு. கோமேதகத்துக்கே உரிய அடையாளம் அது. லேசாகத் திருப்பினாள். நெளிவுக்கு நடுவே சின்னஞ்சிறு படிகங்கள் மூன்று வரிசையாக நின்றன. அவற்றுக்குப் பக்கத்தில் பாதி நிலா வடிவில் இன்னொன்று.

அவள் கை நின்றது.

இன்னும் கொஞ்சம் திருப்பினாள். கல்லின் விளிம்பில் ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. சிப்பியின் உட்புறம்போல வளைந்த, வழவழப்பான சிறு பள்ளம்.

அந்தச் சில்லு அவளால் உடைந்தது.

கோலாலம்பூரில் கல் பற்றிப் படித்துக்கொண்டிருந்த காலத்தில், பயிற்சிக்கென்று அப்பா தன் மோதிரத்துக் கோமேதகத்தைக் கழற்றிக் கொடுத்திருந்தார். வாடகை அறையின் குளியலறைத் தரையில் அவள்தான் அதைத் தவறவிட்டாள். அழுதுகொண்டே போன் செய்தபோது, "கல்லுதானே விழுந்துச்சு, நீ விழலியே" என்றார். பிறகு சில்லு தெரியாதபடி ஒரு பிடியால் மூடி மோதிரத்தில் பதித்துக்கொண்டார்.

மோகனா எழுந்து அலமாரியில் தன் பழைய பாட நோட்டைத் தேடினாள். தேர்வுக்காக அந்தக் கல்லின் உட்புறத்தை வரைந்திருந்த பக்கம் கிடைத்தது. வரிசையாக மூன்று. பக்கத்தில் ஒன்று. அதற்குக் கீழே சில்லு. திரும்ப வந்து நுண்ணோக்கியில் பார்த்தாள். ஒரு புள்ளிகூட மாறவில்லை.

ஆனால் இந்தக் கல் இங்கே இருக்க முடியாது. மூன்று வருடத்துக்கு முன்னால் அப்பா பக்கிரிசாமி மாரடைப்பில் இறந்தார். விரல் வீங்கி மோதிரம் கழலவில்லை. வெட்டி எடுக்கட்டுமா என்று சடங்குக்காரர் கேட்டதற்கு, "வேணாம், அவரோடயே போவட்டும்" என்று அம்மாதான் சொன்னார். சவப்பெட்டி மூடும்வரை அந்த விரலை மோகனா பார்த்துக்கொண்டிருந்தாள். தேன் நிறக் கல் மார்பின்மேல் இருந்தது. தகன மேடைக்குள் பெட்டி போனதையும் அவள் பார்த்தாள்.

அந்த நெருப்புக்குள் போன கல் இப்படிப் பளபளவென்று வெளியே வராது. அப்படியானால் யாரோ பெட்டியைத் திறந்து பிணத்தின் விரலிலிருந்து உருவியிருக்க வேண்டும். பதிமூன்று வருடமாக அலமாரியில் கிடந்தது என்று இவள் சொன்னது பொய். எதிரே பூப்போட்ட தூடோங்கில் சாந்தமாக உட்கார்ந்திருந்த பெண்ணை நிமிர்ந்து பார்த்தாள்.

"இது உங்க கைக்கு எப்படி வந்துச்சு?"

குரல் வெட்டியதுபோல் வந்தது. லைலா திடுக்கிட்டாள்.

"ஏன் தங்கச்சி? திருட்டுக் கல்லா?"

"நீங்க சொல்லுங்க. யார் கொடுத்தா?"

லைலா கைப்பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். 

"ஒரு லாரி டிரைவர் குடுத்தாரு. எங்க வீட்டுக்காரரு மவுத்தானது அவரோட லாரியில அடிபட்டுத்தான்."

மோகனா கோலாலம்பூரில் படித்த காலத்தில் அப்பா லாரிதான் ஓட்டிக்கொண்டிருந்தார்.

"பிறை தொழிற்பேட்டையில. பன்னெண்டாம் வருஷம், செப்டம்பர் மாசம். மத்தியானச் சாப்பாட்டுக்கு மோட்டோர் சைக்கிள்ல வீட்டுக்கு வந்துக்கிட்டிருந்தாரு. மழை. மோட்டோர் சறுக்கி லாரிப் பின்சக்கரத்துல போயிருச்சுன்னு போலீஸ் எழுதிட்டாங்க. டிரைவர் மேல தப்பில்லன்னு கேஸை மூடிட்டாங்க. நாப்பது நாள் ஃபாத்திஹா முடிஞ்ச மறுநாள் அந்த ஆளு வீட்டு வாசல்ல வந்து நின்னாரு. உள்ள வரமாட்டேன்னாரு. 'மோட்டோர் சறுக்கலம்மா. நான்தான் பாக்கல. பொய் சொல்லிட்டேன்'னு சொன்னாரு."

"என்ன பாக்கல?"

"ரோட்டைப் பாக்கல. போன் வந்துச்சாம். கீழ குனிஞ்சு எடுத்தாராம்."

கீழே தெருவில் யாரோ பூக்கட்டுக்குப் பேரம் பேசினார்கள்.

"யாரோட போன்?" என்றாள் மோகனா. கேட்கும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் வாய் கேட்டுவிட்டது.

"அவரு மகளோடது. அந்தப் பொண்ணு கே.எல்-ல படிச்சுக்கிட்டிருந்துச்சாம். அன்னிக்கு ரிசல்ட்டாம். காலையிலேர்ந்து அந்தப் போனுக்காகத்தான் காத்துக்கிட்டிருந்தேன்னு சொன்னாரு."

லைலா தன் நினைவிலேயே பேசிக்கொண்டு போனாள்.

"எனக்கு வந்த ஆத்திரத்துக்கு செருப்பை எடுத்து அடிச்சேன். வாங்கிக்கிட்டாரு. 'போலீசைக் கூப்பிடுங்க, இங்கயே நிக்கிறேன்'னாரு. நானும் கூப்பிடத்தான் போனேன். அப்ப ஒண்ணே ஒண்ணு கேட்டாரு. 'என்னைய ஜெயில்ல போடட்டும். ஆனா போன் யாரு பண்ணதுன்னு கோர்ட்ல வரும். என் மகளுக்கு மட்டும் தெரியவேணாம்மா. ஆயுசுக்கும் அவ போனையே தொடமாட்டா'ன்னு அழுதாரு. எனக்கும் ஒரு மக. ஃபரா. அப்ப பதினொரு வயசு. போனைக் கையில வச்சுக்கிட்டு நின்னேன் தங்கச்சி. அந்தப் பொண்ணு அப்பனுக்குப் போன் பண்ணுச்சு, அவ்வளவுதானே? அது என்ன பாவம் பண்ணுச்சு? நான் போலீஸ் பாலாய்க்குப் போகல. போயிருக்கணுமோ என்னமோ, இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியல."

"கல்லு..."

"காசு நீட்டினாரு, நான் தொடல. மறுவாரம் இதைக் கொண்டுவந்து வாசப்படில வச்சாரு. அவரோட அப்பன் அவருக்குக் குடுத்ததாம். மகளே பாத்து நல்ல கல்லுன்னு சொன்னதாம். மோதிரத்துல கண்ணாடிக் கல்லை வச்சுக்கிட்டாராம். 'எங்க வீட்டுல யாருக்கும் தெரியாது, கையைப் பாக்கும்போதெல்லாம் எனக்கு மட்டும் தெரியும்'னாரு. வருஷா வருஷம் அந்த நாளுக்கு வருவாரு. வாசல்ல நிப்பாரு. முதல் ரெண்டு வருஷம் கதவைத் திறக்கல. அப்புறம் தண்ணி குடுத்தேன். இப்ப மூணு வருஷமா வரக்காணோம். மறந்துட்டாரு போலன்னு மனசு விட்டுப்போச்சு. அடுத்த மாசம் ஃபராவுக்குக் கல்யாணம். இது ஏன் இன்னும் நம்ம வீட்டுல இருக்கணும்? அவரைத் தேடிக் குடுத்துடலாம்னு..."

லைலா பேச்சை நிறுத்தினாள். எதிரே இருந்த பெண்ணின் உதடுகள் வெளுத்துப்போயிருந்தன.

"தங்கச்சி? என்னாச்சு? தண்ணி குடிக்கிறீங்களா?"

பதிமூன்று வருடத்துக்கு முன்னால் அன்று மத்தியானம் தேர்வு முடிவு மின்னஞ்சலில் வந்ததும் மோகனா அறையில் தனியாகக் குதித்தாள். உடனே அப்பாவை அழைத்தாள். ஒரே மணியில் எடுத்தார். பிறகு ஏதோ பெரிய சத்தம், தொடர்பு அறுந்தது. நான்கைந்து முறை மறுபடி அழைத்தும் பதில் இல்லை. சாயங்காலம் அவரே கூப்பிட்டு, "லைன் கட்டாயிருச்சும்மா. பாஸாயிட்டேல்ல? எனக்குத் தெரியும்" என்றார். அவ்வளவுதான். அவர் குரல் எப்படி இருந்தது என்று இப்போது யோசித்தாள். நினைவில் வரவில்லை. தன் மகிழ்ச்சி மட்டும்தான் நினைவில் இருந்தது.

"அவரு வராததுக்குக் காரணம்," என்று தொடங்கினாள். "இறந்துட்டாரு. மூணு வருஷம் ஆச்சு. பக்கிரிசாமி. அவர் பேரு பக்கிரிசாமிதானே?"

"உங்களுக்கு எப்படி..." லைலாவின் பார்வை மேசையில் விரிந்து கிடந்த பாட நோட்டுக்குப் போனது. அதன் மேல்மூலையில் எழுதியிருந்த பெயரை உதடசைத்துப் படித்தாள். மோகனா பக்கிரிசாமி. மெல்ல எழுந்து நின்றாள். இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"யா அல்லா. நான் என்ன செஞ்சிட்டேன்! அந்த மனுசன் ஒண்ணே ஒண்ணுதானே கேட்டாரு! பதிமூணு வருஷம் காப்பாத்தி, கடைசில உங்ககிட்டயே சொல்லிட்டேனே!"

மோகனாவுக்கு அவளைத் தேற்ற வேண்டும் என்று தோன்றியது. ஆனால் லைலாதான் மேசையைச் சுற்றி வந்தாள். வந்து பக்கத்தில் நின்றாள். தொடலாமா கூடாதா என்று தெரியாமல் கையை நீட்டி, பின்னுக்கு இழுத்து, மறுபடி நீட்டி, கடைசியில் மோகனாவின் தலைமேல் வைத்தாள். கீழிருந்து வந்த நகைக்கடைப் பையன் ஒருவன் கதவைத் திறந்து பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் இறங்கிப் போனான்.

டத்தோ கிராமாட்டில் வீட்டுக்கு வந்தபோது அம்மா நவமணி சமையலறையில் பயத்தங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். மோகனா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். போன் யாருடையது என்பதை மட்டும் சொல்லவில்லை. அம்மா கத்தியைக் கீழே வைத்தார்.

"அப்ப அவரு கையோட எரிஞ்சது?"

"கண்ணாடிம்மா. பத்து வருஷமா கண்ணாடி. நான் ஊர்ல இருக்கற கல்லையெல்லாம் பாக்கறேன். எங்கப்பா கையைப் பாக்கல. ஒருதடவை கழட்டிக் குடுங்கப்பா, கூட வேலை செய்யறவங்ககிட்ட காட்டணும்னேன். விரல் வீங்கிருக்குன்னு கையை மடக்கிக்கிட்டாரு."

அம்மா சுவரைப் பார்த்தார். "எந்த மாசம்னு சொன்னே?"

"செப்டம்பர்."

"அன்னிக்கு ஜிலேபி டப்பாவோட வந்தாரு. நீ பாஸாயிட்டேன்னு. சட்டையெல்லாம் ஈரம். அவரே துவைச்சாரு, நான் கேட்டதுக்கு சேறுன்னாரு. ஜிலேபியை ஒண்ணுகூட வாயில வைக்கல." அம்மாவின் குரல் தேய்ந்தது. "அடுத்த வாரமே கண்ணு மங்குதுன்னு லாரியை விட்டுட்டு செக்யூரிட்டி கார்டு வேலைக்குப் போயிட்டாரு. நான் திட்டுனேன். டாக்டர்கிட்ட போங்கன்னு எத்தனை தடவை திட்டுனேன்!" திரும்பி மகளைப் பார்த்தார். "மோகனா. அன்னிக்குப் போன் பண்ணது..."

"நான்தான்மா."

அம்மா மகளின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்தார். பிடித்த பிடியில் மோகனாவுக்கு வலித்தது. வெளியே இருட்டும்வரை இருவரும் எழுந்து விளக்குப் போடவில்லை.

"அந்தப் புள்ளையோட பேரு என்ன?" என்று அம்மா திடீரென்று கேட்டார். "செத்துப்போனாரே, அவரோட பேரு?"

மோகனா விழித்தாள். அவள் கேட்கவே இல்லை. அப்பாவின் கல், அப்பாவின் பொய், தன் போன் என்று எல்லாம் கேட்டாள். இறந்தவரின் பெயரைக் கேட்கவில்லை. கல் சோதனைக்கு எழுதிய ரசீதில் இருந்த எண்ணைத் தேடி லைலாவை அழைத்தாள்.

"காஜா மொய்தீன்," என்றாள் லைலா. "முப்பத்தொம்போது வயசு."

அம்மா அந்தப் பெயரை இரண்டு முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். "ஞாயித்துக்கிழமை போவோம். வரலாமான்னு கேளு."

பிறையில் லைலாவின் வீடு ஒரு வரிசை வீட்டின் கடைசி வாசல். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகாமல் நின்றார். "அவரு இங்கதான் நின்னாராம்மா?" என்று கேட்டார். லைலா தலையசைத்து, கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனாள். அம்மா அப்பாவின் கடைசி நாளைப் பற்றிச் சொன்னார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததையும், ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துபோனதையும். லைலா தன் கணவனுக்கு மீன்தலைக் கறி பிடிக்கும் என்றாள். அன்றைக்கு மத்தியானம் அதைத்தான் வைத்திருந்தாளாம். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அதை வைத்ததே இல்லையாம்.

மடித்த காகிதம் மேசைமேல் இருந்தது. லைலா அதை அம்மாவின் பக்கம் தள்ளினாள்.

"அவரு உங்களுக்குக் குடுத்ததும்மா. அதைத் திருப்பி வாங்க எனக்கு உரிமை இல்ல," என்றார் அம்மா.

"எனக்கும் வேணாம் அக்கா. என் மக கல்யாண வீட்டுல இது வேணாம்."

அம்மா அதை எடுத்துப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டார். நன்றி சொல்லவில்லை. லைலாவும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை.

அப்போதுதான் ஃபரா அறையிலிருந்து வெளியே வந்தாள். இவர்கள் வந்ததிலிருந்து அவள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தாள். லைலா மறைத்துவைத்திருந்த கதையை அவளும் இந்த வாரம்தான் கேட்டிருந்தாள். அழுத கண். மோகனாவை நேராகப் பார்த்தாள்.

"எனக்கு உங்க மேல கோவம் இல்லன்னு உம்மா சொல்லச் சொன்னாங்க. பொய் சொல்ல எனக்கு வராது. கோவம் இருக்கு."

"ஃபரா," என்றாள் லைலா.

"இருக்கட்டும்க்கா. சொல்லட்டும்," என்றாள் மோகனா.

"ஒண்ணு மட்டும் கேக்கணும். அன்னிக்குப் போன்ல என்ன பேசினீங்க? எங்க அத்தா போற அந்த நேரத்துல, நீங்க என்ன சொல்லிக்கிட்டு இருந்தீங்க?"

மோகனா பதிலைத் தேட வேண்டியிருக்கவில்லை. ஆறு நாளாக வேறு எதுவும் அவள் காதில் ஒலிக்கவில்லை.

"'அப்பா'ன்னேன். அவ்வளவுதான். அதுக்குள்ள கட்டாயிருச்சு."

ஃபராவின் முகத்தில் இறுக்கம் குறையவில்லை. மன்னித்த மாதிரியும் இல்லை. ஆனால் மறுபடி அறைக்குள் போகவில்லை. சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்திலிருந்த பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துவந்து மோகனாவுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள். லைலா தேநீர் வைக்க எழுந்தாள். அம்மாவும் கூடவே எழுந்து, கேட்காமலே சமையலறைக்குள் போனார்.